குளிரில் நிற்கும் வாழைத்தார்: இப்போதே வெட்டலாமா, இன்னும் விடலாமா?

(தோட்டக்காரர்கள் கேட்டுப் பதில் சொல்லும் பக்கம். ஒவ்வொரு பகுதிக்கும் மேலே இருப்பது எழுதியவரின் புனைப்பெயர்.)

பக்கக்கன்று (கேள்வி)

தோட்டத்தில் ஒரே ஒரு ரோபஸ்டா தார், ஏழு சீப்பு. பூ வெளியே வந்து இன்றோடு 130 நாள். வெயில் காலமாக இருந்தால் இதற்குள் வெட்டிப் பழுக்க வைத்தே முடிந்திருக்கும். இப்போது பகலில் 20 டிகிரி, இரவில் 9 அல்லது 10. காய் நீளம் வந்துவிட்டது, ஆனால் காயில் நீளவாக்கில் ஓடும் விளிம்புகள் இன்னும் உருளாமல் பளிச்சென்று தெரிகின்றன. தோலில் கரும்பச்சை போய், சாம்பல் பூசியது போல மங்கிக் கிடக்கிறது. முற்றியதால் வந்த வெளுப்பா, குளிரால் வந்ததா என்று பிடிபடவில்லை.

மரத்தில் பச்சை இலை ஐந்து. அதில் ஒன்று காற்றில் நார் நாராகக் கிழிந்தது. இன்னும் ஐந்தாறு வாரத்தில் உறைபனி விழலாம்.

பூ வந்த நாளிலிருந்து குறித்து வைத்த சராசரி வெப்பம்: முதல் 60 நாள் 22 டிகிரி, அடுத்த 40 நாள் 18, கடைசி 30 நாள் 15.

இப்போது வெட்டினால் பழுக்குமா? விட்டால் திரளுமா, இல்லை மரத்திலேயே கறுத்துப் போகுமா? நாள் கணக்கை விட்டால் வேறு எதைப் பார்த்து முடிவு செய்வது?

இலைக்கணக்கு

வெப்பத்தைக் குறித்து வைத்தது நல்லதாகப் போயிற்று. அதை வைத்தே பாதி பதில் சொல்லிவிடலாம்.

ரோபஸ்டா, கேவண்டிஷ் என்ற வாழைக் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் குடும்பத்துக்குப் பழக்கத்தில் உள்ள கணக்கு இது: அன்றைய அதிக வெப்பத்தையும் குறைந்த வெப்பத்தையும் கூட்டி இரண்டால் வகுத்து, 14-ஐக் கழியுங்கள். மிச்சம் அன்றைய வரவு. பூஜ்யத்துக்குக் கீழே போனால் வரவு பூஜ்யம்தான், கடன் கிடையாது. பூ வந்த நாள் முதல் ஏறத்தாழ 900 சேர்ந்தால் தார் வெட்டுப் பருவத்துக்கு வரும். சராசரி 25 டிகிரி இருக்கும் இடத்தில் நாளுக்கு 11 வீதம் 82 நாளில் சேர்ந்துவிடும். சராசரி 18 என்றால் அதே 900-க்கு 225 நாள் பிடிக்கும். ஒரே வகை வாழைக்கு ஒருவர் மூன்று மாதம் என்பதும் இன்னொருவர் ஏழு மாதம் என்பதும் இதனால்தான். இரண்டு பேர் சொல்வதும் சரி.

உங்கள் கணக்கு: 60 நாள் × 8 = 480, 40 நாள் × 4 = 160, 30 நாள் × 1 = 30. மொத்தம் 670. கடைசி ஒரு மாதம் முழுக்கச் சேர்ந்தது, வெயில் காலத்தில் மூன்றே நாளில் சேரக்கூடியது. அதனால் "130 நாள் ஆகிவிட்டதே" என்ற பதற்றம் வேண்டாம். தார் பின்தங்கவில்லை, நின்றுவிட்டது.

அந்த 900-மே தொலைவுக்கு அனுப்புவதற்காக, விளிம்பு லேசாகத் தெரியும்போதே வெட்டும் பருவம். வீட்டுத் தேவைக்கு முழுக்கத் திரளவிட்டு வெட்ட இன்னும் மேலே போக வேண்டும். ஆக, 670-இல் விளிம்பு பளிச்சென்று தெரிவது எதிர்பார்த்ததுதான்.

இரண்டாவது கணக்கு இலை. பூ வந்த பிறகு வாழை புது இலை விடாது. மரத்தின் உள்ளே இருந்த கடைசி இலையும் வெளியே வந்த பிறகுதான் பூ வருகிறது. அன்று இருந்த இலைகளே கடைசி வரைக்குமான சமையல்காரர்கள். பூ வரும்போது எட்டு இலையாவது இருக்க வேண்டும், வெட்டும்போது நான்கைந்து மிஞ்ச வேண்டும். உங்களிடம் ஐந்து. கிழிந்ததைக் கழிக்காதீர்கள். நரம்போடு நரம்பாகக் கிழிந்த இலை பச்சையாக இருக்கும் வரை வேலை செய்யும். பழுத்துச் சருகான பகுதியை மட்டும் கணக்கிலிருந்து எடுங்கள். ஒரு இலையில் பாதிக்குக் குறைவாகவே பச்சை மிச்சமென்றால் அதை அரை இலையாக எண்ணுங்கள்.

இலை மூன்றுக்குக் கீழே இறங்கினால் காத்திருப்பதில் பயனில்லை. திரட்சி நின்றுவிடும், இலை இல்லாத மரத்தில் காய் திரளாமலே மஞ்சளாகவும் தொடங்கும். அந்தப் பழம் தோல் மட்டும் பழுத்து, உள்ளே மாவாக இருக்கும்.

நிறத்தைப் பற்றி: குளிரில் நிறத்தை நம்பாதீர்கள். தாருக்கு உறை போட்டிருந்தாலும் வெளுக்கும், குளிர்பட்டாலும் மங்கும், முற்றினாலும் வெளுக்கும். மூன்றும் தூரத்திலிருந்து ஒன்றுபோலவே இருக்கும்.

மொந்தன்

மேலே சொன்ன சராசரிக் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது. பகல் 20, இரவு 9 என்றால் சராசரி 14.5, வரவு அரை அலகு. ஆனால் மதியம் நான்கைந்து மணி நேரம் 18-க்கு மேல் நிற்கிறதே, அது எங்கே போயிற்று? இரவின் குளிர் பகலின் சூட்டை விழுங்கியதாகச் சராசரி காட்டுகிறது. குறைந்த வெப்பம் 14-க்குக் கீழே போகும் நாளில், அதை 14 என்றே வைத்துக் கணக்கிட்டுப் பாருங்கள்: (20 + 14) ÷ 2 − 14 = 3. இது சற்றுக் கூடுதலாகக் காட்டும், சராசரி குறைவாகக் காட்டும். உண்மை நடுவில், நாளுக்கு இரண்டு அளவில் இருக்கும். மிச்சம் 230-க்கு இரண்டு வீதம் பார்த்தாலே நான்கு மாதத்துக்குக் கிட்ட ஆகிறது. அதாவது குளிர் முடிந்த பிறகுதான்.

என் முடிவு அதனால் இது: காத்திருக்க வேண்டாம், முழுத்தாரையும் வெட்டுங்கள். 13 டிகிரிக்குக் கீழே பச்சைக் காயின் தோல் கெடும். தோலுக்கு அடியில் பால் ஓடும் குழாய்கள் பழுப்பாகும். பழுக்கும்போது மஞ்சள் பளிச்சென்று வராது, சேறு பூசிய மஞ்சளாக வரும். எத்தனை இரவு, எத்தனை மணி நேரம், எவ்வளவு கீழே என்பது சேர்ந்துகொண்டே போகும். நான்கு மாதம் அதை அனுபவித்த தாரில் கடைசியில் என்ன மிஞ்சும்?

இன்னொன்று, இந்தப் பக்கத்தைப் படிக்கும் மற்றவர்களுக்கு. விளிம்பு மறைவதை அடையாளமாக வைப்பது ரோபஸ்டா, பூவன், ரஸ்தாளி போன்றவற்றுக்குச் சரி. நேந்திரனும் மொந்தனும் முழுக்க முற்றிய பிறகும் விளிம்போடுதான் இருக்கும். அவற்றில் விளிம்பு மறையட்டும் என்று நின்றால் மரத்திலேயே பழுத்து வெடித்துவிடும். அவற்றுக்குக் காயின் பக்கங்களைப் பாருங்கள். விளிம்புக்கும் விளிம்புக்கும் நடுவே குழிந்திருந்த பக்கம் நிரம்பித் தட்டையாகி, பிறகு வெளியே புடைக்கும்.

கத்தியும்கறையும்

இருவரும் தாரை ஒரே பொருளாகப் பேசுகிறீர்கள். முதல் சீப்பும் கடைசிச் சீப்பும் ஒரே வயது கிடையாது. மேல் சீப்பு முதலில் விரிகிறது, நன்றாக ஊட்டம் பெறுகிறது. வெட்டினால் முழுத்தாரையும் வெட்டியாக வேண்டும் என்றும் சட்டமில்லை.

முடிவுக்கு முன் மூன்று சோதனை செய்யுங்கள். செலவு: ஒரு நூல், ஒரு கத்தி, நான்கு காய்.

நூல் முதலில். மேலிருந்து இரண்டாவது சீப்பில், வெளி வரிசையில், நடுக் காயைத் தேர்ந்தெடுங்கள். அதன் மேல் ஒரு புள்ளி வையுங்கள், இல்லாவிட்டால் அடுத்த முறை பக்கத்துக் காயை அளந்துவிட்டு வளர்ந்துவிட்டது என்று மகிழ்வீர்கள். காயின் நடுவில் நூலைச் சுற்றி, அந்த நூலை அளவுகோலில் வைத்து மில்லிமீட்டரில் குறியுங்கள். பத்து நாள் கழித்து அதே புள்ளியில் மறுபடி. காய் கோணலாக இருப்பதால் இதை 3.14-ஆல் வகுத்து விட்டம் என்று சொல்லிக்கொள்ள முடியாது. முந்தைய அளவோடு ஒப்பிட மட்டும் பயன்படுத்துங்கள். பத்து நாளில் 2 மி.மீ. கூடியிருந்தால் தார் மெதுவாகவேனும் நடக்கிறது. கொஞ்சமும் கூடவில்லை, விளிம்பும் மறையவில்லை என்றால் குளிரில் உறைந்து நிற்கிறது. கூடவில்லை, ஆனால் விளிம்பு மறைந்துவிட்டது என்றால் முற்றிவிட்டது.

அடுத்தது கத்தி. இரண்டாவது சீப்பிலிருந்து ஒரு காய், கடைசிச் சீப்பிலிருந்து ஒரு காய் எடுங்கள். காம்பில் வெட்டியதும் பால் வடியும். வெட்டுவாயில் ஒரு காகிதத் துண்டை ஒட்டிவிடுங்கள், இல்லையென்றால் கீழ்ச் சீப்பு முழுக்கக் கறை வழியும். எடுத்த காயை நடுவில் குறுக்கே நறுக்குங்கள். முற்றாத காயில் தோல் தடிப்பாக, சதை தூய வெள்ளையாக, குறுக்கு வெட்டு ஐந்து மூலையோடு தெரியும். முற்ற முற்றத் தோல் மெலியும், சதை வெள்ளையிலிருந்து பாலேட்டின் நிறத்துக்கு மாறும், மூலைகள் உருளும். நறுக்கிய பாதிகளில் ஒன்றின் தோலை நகத்தால் நீளவாக்கில் மெல்லிசாக உரித்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். பழுப்பு நூல் ஓடியது போலக் கோடுகள் தெரிந்தால் குளிர்ச்சேதம் தொடங்கிவிட்டது. தோலின் மங்கலுக்குக் காரணம் முற்றலா குளிரா என்ற உங்கள் கேள்விக்கு இதுதான் பதில் சொல்லும்.

மூன்றாவது, பழுக்க வைத்துப் பார்ப்பது. மேல் சீப்பிலிருந்து ஒன்று, கடைசிச் சீப்பிலிருந்து ஒன்று, நறுக்காத முழுக் காய்களாக. ஒரு காகிதப் பையில் நன்றாகப் பழுத்த ஒரு ஆப்பிளோடு அல்லது புள்ளி விழுந்த ஒரு வாழைப்பழத்தோடு போட்டு, வாயை மடித்து, 18 முதல் 20 டிகிரி இருக்கும் அறையில் வையுங்கள். பழுத்த பழம் விடும் எத்திலீன் என்ற வாயு காயைப் பழுக்கத் தூண்டும். தினம் ஒரு முறை திறந்து காற்று மாற்றுங்கள், ஏனென்றால் உள்ளே சேரும் கரியமில வாயு எத்திலீனின் வேலையைத் தடுக்கும். பிளாஸ்டிக் பை வேண்டாம், வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும்.

ஆறிலிருந்து பத்து நாளுக்குள் மஞ்சளாகி, நடுத்தண்டு வரை ஒரே மாதிரி மிருதுவானால் அந்தச் சீப்பு வெட்டத் தகுந்தது. தோல் மஞ்சளாகியும் நடுவில் ரப்பர் போல இழுத்தால், துவர்த்தால், கழுத்துப் பகுதி சுருங்கிக் கறுத்தால், அது இன்னும் முற்றவில்லை. பச்சைக் காயின் சதையில் ஐந்தில் ஒரு பங்கு மாவுச்சத்து. நன்றாகப் பழுத்தால் ஒன்றிரண்டு சதவீதம்தான் மிஞ்சும், மற்றது பெரும்பாலும் சர்க்கரையாகிவிடும். முற்றாத காயில் சர்க்கரையாக மாறுவதற்கு மாவே போதாது. அதனால்தான் பழுத்தாலும் சப்பென்று இருக்கும்.

பக்கக்கன்று

மூன்றும் செய்தாயிற்று. பன்னிரண்டு நாள் இடைவெளியில் வந்த விவரம்:

நூல்: 104 மி.மீ. இருந்தது 105 ஆகியிருக்கிறது. அளக்கும்போது வரும் பிழையே அவ்வளவு இருக்கும்.

குறுக்கு வெட்டு: இரண்டாவது சீப்பில் சதை லேசான பாலேட்டு நிறம், மூலைகள் மழுங்கியிருக்கின்றன. கடைசிச் சீப்பு சுத்த வெள்ளை, மூலைகள் கூர்மை.

தோல் உரித்தது: மேல் சீப்பில் அங்கங்கே மெல்லிய பழுப்புக் கோடு. வெளிப்பக்கம், வானம் பார்த்த பக்கத்தில் அதிகம். உள்பக்கம் சுத்தம்.

பையில் வைத்தவை: மேல் சீப்புக் காய் ஒன்பதாம் நாள் மஞ்சள், மஞ்சளில் ஒரு மங்கல், ஆனால் உள்ளே மிருது, இனிப்பும் பரவாயில்லை. கடைசிச் சீப்புக் காய் பன்னிரண்டாம் நாளும் பாதிப் பச்சை, கழுத்தில் சுருக்கம், கடித்தால் துவர்ப்பு.

இலை நான்கரை.

கத்தியும்கறையும்

தெளிவாகிவிட்டது. மேல் சீப்பு முதலிரண்டையும் இப்போதே எடுங்கள். மூன்றாவதும் நான்காவதும் ஒரு காய் எடுத்துப் பையில் சோதித்த பிறகு. அடியில் உள்ள மூன்றும் இந்தக் குளிரில் திரளாது. அவற்றை இரண்டில் ஒன்று செய்யலாம். பச்சையாகச் சமைக்க எடுத்துக்கொள்ளலாம், அதற்குக் காய் முற்ற வேண்டிய அவசியமில்லை. அல்லது உறை போட்டு, வசந்தம் வரை தாங்குகிறதா என்று பார்க்கலாம். மேல் சீப்புகள் போன பிறகு இலைகளின் வரவு முழுக்க இவற்றுக்கே போகும், ஆனாலும் வரவே அற்பம் என்பதை மறக்காதீர்கள்.

மரத்தில் நிற்கும்போதே சீப்பு எடுப்பதில் தவறு நடப்பது ஒரே இடத்தில்: கத்தியைத் தார்க்காம்பில் இறக்கிவிடுவது. காம்பில் ஆழமாக வெட்டு விழுந்தால் கீழே உள்ளவற்றுக்குப் போகும் தண்ணீர் தடைபடும், அந்த வெட்டு வழியாக அழுகலும் இறங்கும். வளைந்த சிறு கத்தியால், சீப்பின் அடிக்கட்டை அரை அங்குலம் காம்பிலேயே நிற்கும்படி வெட்டுங்கள். மழை நாளிலும் பனி ஈரம் காயாத காலையிலும் வேண்டாம். உலர்ந்த நாளில், முற்பகலில் செய்தால் மாலைக்குள் வெட்டுவாய் காய்ந்துவிடும்.

எடுத்த சீப்பை, வெட்டுவாய் கீழே பார்க்க, ஒரு வாழை இலை மேல் நிழலில் சாய்த்து வையுங்கள். அரை மணியில் பால் வடிந்து நிற்கும். பிறகு தண்ணீரில் கழுவித் துடைத்து உள்ளே கொண்டு போங்கள். பழைய துணி உடுத்திக்கொள்ளுங்கள். வாழைக்கறை துணியில் பட்ட அன்று நிறமில்லாமல் இருக்கும், மறுநாள் பழுப்பாகும், அதன் பிறகு எந்தச் சோப்புக்கும் போகாது.

மொந்தன்

நான் முழுத்தாரையும் வெட்டச் சொன்னதை அடி மூன்று சீப்பு அளவுக்குத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், மேல் நான்குக்கு நான் சொன்னதே நடக்கிறது.

உறை போடுவதாக இருந்தால் அடிப்பக்கம் கட்டாயம் திறந்திருக்கட்டும். மேல் சீப்புக்கு மேலே தார்க்காம்பில் கட்டி, கடைசிச் சீப்புக்குக் கீழே ஒரு சாண் தொங்க விடுங்கள். அடியை மூடினால் உள்ளே நீர் கோர்த்துக் காய் முனையில் பூஞ்சை வரும். பகலில் உறைக்குள் இரண்டொரு டிகிரி கூடும், அது இந்த நிலையில் பெரிய லாபம்தான். இரவில் பிளாஸ்டிக் உறை எதையும் பெரிதாகக் காப்பாற்றாது, உறைபனி இரவில் பிளாஸ்டிக் ஒட்டிய இடத்தில் காய் முதலில் கறுக்கும். காய்க்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவில் ஒரு சுற்றுப் பழைய துணியோ சாக்கோ வேண்டும். வெயில் நேரே விழும் பக்கத்தில் உறைக்குள் நாலு தாள் செய்தித்தாள் சொருகுங்கள், மேல் சீப்பு வெந்து போகாமல் இருக்கும்.

உரம் போட்டுத் திரள வைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். குளிர்ந்த மண்ணில் வேர் எடுக்காது. நீரும் அப்படியே: மண் காயாமல் இருந்தால் போதும், சேறாக நின்றால் வேர் அழுகும்.

பக்கக்கன்று

மேல் இரண்டு சீப்பையும் எடுத்துவிட்டேன். முழுச் சீப்பைப் பழுக்க வைக்கும் வழி என்ன? வீட்டில் இரவு 15, பகல் 19 டிகிரி. உறைபனி அடித்தால் மிச்சத் தாரை அன்றே வெட்ட வேண்டுமா?

இலைக்கணக்கு

பழுக்க வைக்க உங்கள் வீட்டு வெப்பம் நன்றாகவே இருக்கிறது. 14-க்குக் கீழே போகாமல் 20-க்குள் நின்றால் மெதுவாகப் பழுத்தாலும் நிறமும் சதையும் ஒன்றாக நடக்கும். அடுப்புப் பக்கத்திலோ ஹீட்டர் மேலோ வைத்து அவசரப்படுத்தினால், 25-க்கு மேல் ரோபஸ்டாவின் தோல் பச்சையாகவே நின்று உள்ளே சதை குழைந்துவிடும். மறுபக்கம், தோட்டத்துக் கொட்டகையிலும் ஃப்ரிட்ஜிலும் வைத்தால் பச்சைக் காய் பழுக்கும் திறனையே இழக்கும். பிறகு வெதுவெதுப்பான இடத்துக்கு மாற்றினாலும் திரும்பி வராது. நன்றாகப் பழுத்த பழத்தை ஃப்ரிட்ஜில் வைப்பது வேறு கதை. தோல் கறுக்கும், சதைக்கு ஒன்றுமாகாது.

சீப்பைப் பிரிக்காமல் அட்டைப்பெட்டியில் வெட்டுவாய் கீழே இருக்க ஒற்றை அடுக்காக வையுங்கள். இரண்டு பழுத்த ஆப்பிள், மேலே ஒரு காகிதம். தினம் காலை திறந்து ஐந்து நிமிடம் காற்றாட விடுங்கள். நிறம் திரும்பத் தொடங்கியதும் ஆப்பிளை எடுத்துவிடலாம், அதன் பிறகு காயே தனக்கு வேண்டிய எத்திலீனை விடும். குளிர் பட்ட காய் என்பதால் நிறத்துக்காகக் காத்திருக்காதீர்கள். மங்கல் மஞ்சளில் நின்றுவிடும், நீங்கள் நன்றாக மஞ்சளாகட்டும் என்று பார்த்துக்கொண்டிருப்பீர்கள், உள்ளே பழம் பருவம் தாண்டிப் போயிருக்கும். கழுத்தை இலேசாக அமுக்கிப் பாருங்கள். அங்கே மிருது வந்தால் சாப்பிடலாம்.

இரண்டாவது கேள்விக்கு, உறைபனி அடித்த மறுநாள் காலை எதுவும் வெட்டாதீர்கள். எது செத்தது, எது பிழைத்தது என்று அன்று தெரியாது. இரண்டு நாள் விடுங்கள். பிறகு மூன்று இடத்தைப் பாருங்கள்.

இலை: எல்லாம் பழுப்பாகி வெந்த கீரை போலத் தொங்கினால், இனி திரட்சி இல்லை. தாரை அந்த வாரமே வெட்டுங்கள். ஒன்றிரண்டு பச்சையாக மிஞ்சினாலும் முடிவு அதேதான்.

காய்: உறைந்த காய் முதலில் நீரில் ஊறியது போலக் கண்ணாடித்தன்மையோடு இருக்கும், அப்புறம் கறுத்துக் குழையும். அது பழுக்காது, தூக்கிப் போடுங்கள். பெரும்பாலும் வெளி வரிசையும் மேல் பக்கமும்தான் போகும், உள் வரிசை தப்பும்.

தார்க்காம்பு: இது முக்கியம், பலர் பார்ப்பதில்லை. காம்பு மரத்திலிருந்து வளைந்து வெளியே வரும் அந்தக் கழுத்தில் நகத்தால் கீறுங்கள். வெள்ளையாகப் பால் கசிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக, நீர் மட்டும் கசிந்தால் தாருக்குத் தண்ணீர் போகும் வழி அடைந்துவிட்டது, அன்றே வெட்டுங்கள்.

உறைபனி அறிவிப்பு முன்னாடியே வந்துவிட்டால், முதல் நாள் பகலில் மரத்தைச் சுற்றி மண்ணை நனைத்து விடுங்கள். ஈர மண் பகலில் வாங்கிய சூட்டை இரவில் விடும். தாரையும் மேல் இலைகளையும் துணியால் போர்த்தி, காலையில் வெயில் ஏறியதும் எடுத்துவிடுங்கள்.

கத்தியும்கறையும்

தாரை ஒரேயடியாக இறக்க வேண்டி வந்தால் இரண்டு பேர் இருங்கள். ஏழு சீப்புத் தார் இருபது கிலோ கூட இருக்கலாம், அது தலைக்கு மேலே தொங்குகிறது. ஒருவர் தாரின் அடியைத் தோளில் தாங்க, மற்றவர் மரத்தின் நடு உயரத்தில், தார் சாய்ந்த பக்கம், தண்டின் பாதி அளவு ஒரு வெட்டுப் போடுகிறார். மரம் முறியாமல் மெதுவாக மடிந்து, தாரைத் தோளில் இறக்கும். வெட்டு பாதியைத் தாண்டினால் மொத்தமாகச் சாயும், கீழ்ச் சீப்பு தரையில் அடிபடும். குளிர் பட்ட தோலில் அடி விழுந்த இடமெல்லாம் பழுக்கும்போது கறுப்பாகும். மேல் சீப்புக்கு மேலே ஒரு முழம் காம்பு விட்டு வெட்டினால் தூக்கப் பிடி கிடைக்கும்.

தார் போன மரம் மறுபடி குலை தள்ளாது. ஆனால் உறைபனி காலம் முடியும் வரை அதை அடியோடு வெட்டாதீர்கள். இலைகளை மட்டும் கழித்து, தண்டை நெஞ்சு உயரத்துக்கு நிறுத்துங்கள். அதிலிருக்கும் நீரும் சத்தும் கிழங்கு வழியாகப் பக்கக் கன்றுக்கு இறங்கும், காற்றுக்கும் பனிக்கும் கன்றுக்கு ஒரு மறைப்பாகவும் இருக்கும். குளிர் விலகி, கன்றில் புதுக் குருத்து விரியத் தொடங்கியதும் மிச்சத் தண்டைத் தரையோடு எடுத்து, துண்டு போட்டு அடியிலேயே மூடாக்காகப் பரப்பிவிடுங்கள்.

கன்றில் ஒன்றை மட்டும் விடுங்கள். அடுத்த தார் எப்போது பூத்தால் குளிருக்கு முன் முற்றும் என்று, உங்கள் வெப்பக் குறிப்பை வைத்து 900-லிருந்து பின்னோக்கி எண்ணிப் பார்த்து, அதற்கு ஏற்ற கன்றை வையுங்கள். இந்தத் தார் மூன்று மாதம் முன்னால் பூத்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது.